ஏழு டெசிபெல்

கங்கைகொண்டான் சிப்காட்டில் மே மாதம்
தார் ரோடு செருப்போடு கூடவே வரும்.
வண்ணாரப்பேட்டையில் ஏழரைக்கு ஏறினால்
எட்டு இருபதுக்கு கேட்.
கழுத்து அட்டையில்: உலகம்மாள், பயிற்சி, ஆறு வாரம்.
"உலகமே வந்துட்டுடோய்" என்பார் வாட்ச்மேன், தினமும்.
தினமும் சிரித்தேன். மூன்றாம் வாரம் வரை.

நாங்கள் செய்வது சின்னப் பெட்டி.
மானூர்ப் பக்கம் கிணற்றடியில் ஒன்று,
வீட்டுச் சுவரில் ஒன்று.
இங்கே அழுத்தினால்
ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மோட்டார் ஓடும்.
ராத்திரி இரண்டு மணிக்கு வரும் கரண்டுக்காகப்
பாம்பு கிடக்கிற வரப்பில் யாரும் நடக்க வேண்டாம்.
நல்ல பெட்டிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி தன் அலைவரிசையில் மட்டும் பேசுகிறதா
என்று பார்ப்பது என் வேலை.
ஸ்பெக்ட்ரம் அனலைசர்.
அறையில் ஏசி இருப்பதே அதற்காகத்தான்.
கறுப்புத் திரையின் அடியில் மஞ்சள் கோடு
புல் மாதிரி நடுங்கும்.
பெட்டி பேசினால் ஒரு பனை எழும்பும்.
தள்ளி ஒரு வடலியும் எழும்பும்; அது எழும்பக்கூடாது,
எழும்பினாலும் சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது.
எங்கள் வடலி சிவப்புக்கு ஐந்து டெசிபெல் கீழே.
பாஸ். பச்சை ஸ்டிக்கர். அடுத்தது.

செவ்வாய்க்கிழமை டிசி பிளாக்கை மாட்ட மறந்தேன்.
பன்னிரண்டு வோல்ட், நேரே உள்ளே.
(பூஜ்யம் வோல்ட் என்று முகப்பிலேயே
மஞ்சள் முக்கோணத்தோடு போட்டிருக்கிறது.)
சத்தம் இல்லை. புகை இல்லை.
புல் அப்படியே நடுங்கியது.
விலையைப் பிறகுதான் தேடினேன்:
அப்பாவின் லோடு ஆட்டோ நான்கு வாங்கலாம்.

புதன்கிழமை எல்லோரும் சாப்பிடப் போனதும்
ஜெனரேட்டரை அதற்குள் சொருகி
மைனஸ் முப்பது அனுப்பினேன்.
மைனஸ் முப்பத்தேழு என்றது.
கேபிளை மாற்றினேன்.
கனெக்டரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
மைனஸ் முப்பத்தேழு.
ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம்,
புள்ளிமான் ஒன்று எனக்குக் கேட்காத எதற்கோ
காதைத் திருப்பியது.

வியாழக்கிழமை பழைய நோட்டை எடுத்தேன்,
என் குற்றம் தொடங்கும் தேதியைக் குறிக்க.
பிப்ரவரி பதினொன்று, பென்சிலில் யாரோ:
அனுப்பியது முப்பது. வந்தது முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் இல்லை.
நான் இல்லை, நான் இல்லை.
பாத்ரூம் கண்ணாடியில் பல் தெரியச் சிரித்து,
முகம் கழுவி, துப்பட்டாவில் துடைத்து,
திரும்பும் வராண்டாவில்தான் கணக்கு வந்தது.

ஐந்து கீழே.
ஏழு செவிடு.

பிப்ரவரியிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்டிக்கர்.
கடைசி முப்பத்தெட்டு என் கை.

சொல்லாமலும் இருக்கலாம்.
மூன்று வாரத்தில் சர்ட்டிபிகேட்.
கிணற்றடியில் நிற்கும் வடலி
யாருடைய பேச்சில் போய் உரசும்?
தெரியாது.
தெரியாதவர்களுக்காகத்தான் அந்தச் சிவப்புக் கோடு.

எட்வின் துரை சார் டீ கிளாஸோடு நின்றார்.
முதலில் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன்,
அப்புறம் பிப்ரவரியை.
வரிசையை மாற்றியிருக்கலாம்.
பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.
"யாரு எழுதுனது இது?"

சால்டரிங் மேஜையில் செண்பகவடிவு அக்கா
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"நாந்தான் சார். அன்னைக்கே சொன்னேன்லா.
கேபிளா இருக்கும்னிய."

ஏசி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

அனலைசர் தெர்மோகோலுக்குள் படுத்து
பெங்களூர் போய்விட்டது.
பெட்டிகள் திரும்பி வருகின்றன, சேறோடு,
ஒன்றில் பல்லி முட்டையோடு.
ஸ்டிக்கரைச் சுரண்டிச் சுரண்டி
நகக்கண்ணெல்லாம் பச்சை.
இன்று வந்ததில்
காலண்டர் தாளை நாலாய் மடித்து வைத்திருந்தார் ஒருவர்:
"நல்லாத்தானய்யா ஓடுது. ஏன் கழட்டுதிய?"

பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்னை.
வடலி என்று ஆரம்பித்து அடித்தேன்.
டெசிபெல் என்று ஆரம்பித்து அடித்தேன்.
அவர் தாளில் இன்னும் இடம் இருக்கிறது.
அமாவாசைக்குப் பக்கத்தில்,
இரண்டு விரல் அகலம்.